வரட்டுமா என்று கேட்ட மகனுக்கு

தம்பி,

கடிதம் என்றால் ‘இங்கு யாவரும் நலம்’ என்று தொடங்குவது கைப்பழக்கம். எழுதியும்விட்டேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது நீ போனில் கேட்டாய். “அம்மா, இந்த மாசக் கடைசிக்குள்ள ஆபீஸ்ல சொல்லியாகணும். இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே இருக்கேன்னு கையெழுத்துப் போடணும், இல்லன்னா விட்டுட்டு ஊருக்கு வந்துடணும். வரட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லு.” யோசித்து எழுதி அனுப்புகிறேன் என்றதும் நீ சிரித்தாய். வாட்ஸப்பில் ஒரு வார்த்தை தட்டினால் போதாதா என்றாய். போதாது. முப்பத்து நான்கு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, டாக்டர் கேட்பதற்கு முன்னால் பதில் சொன்னவள் நான். இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை. திங்கட்கிழமை ‘வா’ என்று முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை துணி உலர்த்தும்போது ‘வராதே’ என்று முடிவு செய்தேன். இன்று வெள்ளிக்கிழமை. இரண்டுமே சரி என்றும் படுகிறது, இரண்டுமே தப்பு என்றும் படுகிறது.

முதல் சிக்கல், நீ எதை விட்டுவிட்டு வருவாய் என்பதே எனக்குப் பாதிதான் தெரியும். ஒரு பொருளின் அருமை தெரியாமல் அதைத் தூக்கிப் போடு என்று எப்படிச் சொல்வது? அதனால் இந்த வாரம் முழுக்க, நீ பல வருஷமாக எனக்குச் சொல்லிச் சலித்த விஷயங்களையெல்லாம் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். கீழ் வீட்டு மாமி பரவாயில்லை, அவருக்குக் குழப்பமே கிடையாது. நீ மேலேயே போய் மிதந்துகொண்டிருப்பதாகத்தான் அவர் இன்னும் நம்புகிறார். “ஆகாசத்துல குழந்தை ஆகாரத்துக்கு என்ன பண்றான் சிஸ்டர்?” என்று புதன்கிழமைகூடக் கேட்டார். இல்லை மாமி, அவன் கீழேதான் இருக்கிறான், பெரிய ஹாலில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான், மேலே ஒரு நிலையம் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதற்கு வரும் வண்டிகள் எப்போது வர வேண்டும், எந்தக் கதவில் வந்து ஒட்ட வேண்டும் என்று பார்க்கிறான் என்றேன். “அப்போ ஸ்டேஷன் மாஸ்டரா?” என்றார். அப்பா கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பொன்மலையில் ரயில்வேயில் வேலை பார்த்த மனிதர். அவர் முகம் மலர்ந்தது போலத்தான் எனக்குத் தெரிந்தது.

நீ காலேஜ் படிக்கும்போது, இந்த ஃப்ளாட்டுக்கு நாம் வந்த புதிதில், அப்பாவையும் உன்னையும் தேடி மொட்டை மாடிக்கு வந்தேனே, அந்தச் சாயங்காலம் நினைவிருக்கிறதா? பொழுது அப்போதுதான் சாய்ந்திருந்தது. மலைக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு வெளிச்சம் கிளம்பி, சிமிட்டாமல், அவசரமில்லாமல் நம் தலைக்கு மேலே வந்து கொள்ளிடத்தைத் தாண்டிப் போயிற்று. ஐந்து நிமிஷம்கூட இருக்காது. “அதுல ஆள் இருக்காங்கம்மா” என்றாய். எனக்குக் கை கூப்பத் தோன்றியது. அப்பா கேட்ட கேள்விதான் வேறு. “முன்னாடி ஒன்னு போகுது, பின்னாடி வர்றது அதை எப்படிடா பிடிக்கும்? வேகமா ஓட்டணுமா?” நீ செங்கல் துண்டால் தரையில் ஒரு வட்டம் போட்டாய். அதற்குள்ளே இன்னொரு வட்டம். பின்னால் வருவது முன்னால் போவதைப் பிடிக்க வேண்டுமென்றால் வேகத்தைக் கூட்டக் கூடாதாம். கூட்டினால் மேலே ஏறிவிடும், மேலே ஏறினால் சுற்றுப் பெரிதாகும், இன்னும் பின்தங்கிவிடும். எதிர்ப்பக்கமாக எஞ்சினை எரித்து வேகத்தைக் குறைத்தால் கீழே இறங்கும். கீழே சுற்று சிறியது, ஓட்டமும் அதிகம், ஆகவே எட்டிப் பிடித்துவிடும். அப்பா உன்னையும் வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “பிரேக் போட்டா வண்டி முன்னாடி போகுமா? போடா, யார்கிட்ட கதை விடுற?” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். மறுநாள் காலையில் பேப்பர் படிக்கும்போது திடீரென்று, “அவன் சொல்றது சரியா இருக்குமோ?” என்று என்னைக் கேட்டார். எனக்கு அன்றும் தெரியவில்லை. இன்றும் வட்டம் வரைந்து பார்த்தேன், தெரியவில்லை.

இன்னொன்றும் புரியவில்லை. அவர்கள் மிதக்கிறார்கள் என்றால் பூமி இழுக்கவில்லை என்றுதானே அர்த்தம்? இல்லையாம், நன்றாக இழுக்கிறதாம். நிலையமும் விழுகிறது, உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து விழுகிறார்கள், ஆனால் அத்தனை வேகத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே விழுவதால் பூமி அவர்களுக்கு அடியில் வளைந்துகொண்டே போகிறது என்று நீ சொன்னாய். விழுந்துகொண்டே இருக்கிறார்கள், ஆனால் விழுந்து முடிப்பதில்லை. அப்பா படுக்கையில் விழுந்த இந்த எட்டு மாதமாக எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று எழுத வந்தேன், எழுதியும்விட்டேன். வானத்தை எடுத்து வீட்டுக்குள் வைத்துப் பேச வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. குழம்பிய மூளை தானாக அதைத்தான் செய்கிறது.

உன் வேலையில் எனக்கு உடனே புரிந்தது கதவு விஷயம்தான். நிலையத்தில் வண்டிகள் வந்து ஒட்டும் கதவுகள் கொஞ்சம்தான். எல்லாவற்றிலும் வண்டி நின்றால் ஒன்று கிளம்பினால்தான் அடுத்தது வரலாம். இது எங்கள் வார்டில் படுக்கை ஒதுக்குகிற கணக்குதான், எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒருநாள், ஆட்கள் வந்த வண்டி ஒன்றை ஒரு கதவிலிருந்து பக்கத்துக் கதவுக்கு மாற்றினீர்கள் அல்லவா? அதற்காக அதில் வந்த அத்தனை பேரும் விண்வெளி உடுப்பை மாட்டிக்கொண்டு, மூட்டையெல்லாம் கட்டிவைத்துவிட்டு, உள்ளே ஏறி உட்கார வேண்டும் என்றாய். நாலு அடி தள்ளி நிறுத்துவதற்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டேன். “திரும்ப ஒட்டலன்னா என்ன பண்றதும்மா? ஆள் உள்ள, வண்டி வெளியன்னு ஆயிடும். அவங்க வீடு திரும்புற வழியே அதுதான். அதனால ஒட்டலன்னா அப்படியே கீழ இறங்கிடணும்.” இதைக் கேட்டபின் இரண்டு நாள் எனக்கு மனசு சரியில்லை. யாரோ முகம் தெரியாத ஆட்கள்தான். இருந்தாலும், பக்கத்து அறைக்குப் போகிற மாதிரி கிளம்பி வீட்டுக்கே வந்து சேர நேரிடலாம் என்றால் எந்த மனநிலையில் ஏறி உட்காருவார்கள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

இனி நான் செய்தவற்றைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த காலையில், பால் வாங்கப் போனவர் வெறும் கையோடு திரும்பி வந்து வாசலில் நின்று என்னவோ சொன்னார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. நர்ஸ் என்பதால் ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை, ஆட்டோவில் ஏற்றி, காவிரிப் பாலத்தில் டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதுவரை சரியாகச் செய்தேன். அதற்குப் பிறகு பதினோரு நாள் உன்னிடம் பொய் சொன்னேன். அந்த வாரம்தான் நீ முதல் தடவையாக ஒரு சரக்கு வண்டி வந்து சேரும்போது பொறுப்பு நாற்காலியில் உட்காரப் போகிறாய் என்று சொல்லியிருந்தாய். பிள்ளை கலங்கிவிடுவான் என்று நினைத்தேன். அப்பா தூங்குகிறார் என்றேன், அப்பா பென்ஷன் ஆபீசுக்குப் போயிருக்கிறார் என்றேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் ஜன்னல் பக்கமாகத் திரும்பி, படுக்கை தெரியாதபடி போனைப் பிடித்துக்கொண்டு உன்னோடு சிரித்துப் பேசினேன். மாமியையும் பொய் சொல்லச் சொல்லி வைத்திருந்தேன். பாவம், பன்னிரண்டாம் நாள் நீ அவருக்குப் போன் செய்தபோது, “சிஸ்டர்கிட்டயே கேட்டுக்கோடாப்பா” என்று சொல்லி அழுதுவிட்டார்.

நீ என்னிடம் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் பேசினாய். “அம்மா, மேல இருக்கறவங்க ஒரு தலைவலின்னாகூட கீழ சொல்லிடணும். காத்து, தண்ணி, பிரஷர் எல்லாம் எங்களுக்கு நம்பரா வந்துடும். அவங்க எப்படி இருக்காங்கன்னு அவங்க சொன்னாத்தான் தெரியும். மறைச்சா நாங்க தப்பா முடிவு எடுப்போம். நீ எனக்குப் பதினோரு நாளா தப்பு ரீடிங் குடுத்திருக்க.” காய்ச்சல் பார்க்காமலேயே சார்ட்டில் நார்மல் என்று எழுதிய டிரெய்னிங் பெண் ஒருத்தியை, வார்டு நடுவில் எல்லோருக்கும் முன்னால் நிற்க வைத்துத் திட்டியவள் நான். அந்தப் பெண் அழுதாள், நான் விடவில்லை. எந்தக் குடும்பத்தில்தான் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் உடனே சொல்கிறார்கள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். சாவு விழுந்தால்கூட ‘கொஞ்சம் முடியல, கிளம்பி வா’ என்றுதான் சொல்வது நம் ஊர் வழக்கம். வழக்கம் என்பதால் அது சரியாகிவிடுமா என்று கேட்டால், இப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீ வந்தாய், மூன்று வாரம் இருந்தாய். அந்த மூன்று வாரத்தை நான்தான் கெடுத்தேன். நீ வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மாத்திரை, ஊசி, பிசியோதெரபி, அப்பாவுக்கு மலம் போகாதது என்று எல்லாவற்றையும் உன் தலையில் கொட்டினேன். நீ பையை வைத்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்க்கக்கூட விடவில்லை. ஒரு வண்டி நிலையத்துக்கு வரும்போது எப்படி வரும் என்று நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். சொல்லி வைத்த தூரங்களில் நிறுத்தி நிறுத்தி, அடுத்த அடி எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு, கடைசியில் ஆள் நடப்பதைவிட மெதுவாக வந்து தொடுமாம். தொட்ட பிறகும் கதவைத் திறக்க மாட்டார்களாம். கொக்கிகள் இறுகி, காற்று எங்காவது கசிகிறதா என்று பார்த்து, இரண்டு பக்கமும் காற்றழுத்தம் சமமாகும் வரை இந்தப் பக்கம் சிலர், அந்தப் பக்கம் சிலர் என்று மணிக்கணக்கில் காத்திருப்பார்களாம். அத்தனை தூரம் வந்தவர்களை ஒரு கதவு தூரத்தில் வைத்துக்கொண்டு எப்படிப் பொறுமையாக இருக்கிறார்கள் என்று அப்போது ஆச்சரியப்பட்டேன். நீ வந்தபோது எனக்கு ஐந்து நிமிஷம் பொறுக்கவில்லை. இரண்டாம் நாளே நமக்குள் சண்டை. கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தியதற்கா, நகர்த்தாததற்கா என்றுகூட இப்போது நினைவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள நீ ஏற்பாடு செய்துவிட்டுப் போன ஆட்களைப் பற்றி உன்னிடம் சொன்னது பாதிதான் உண்மை. முதலில் வந்த தொட்டியத்துப் பெண்ணை நான்காம் நாள் அனுப்பினேன், படுக்கை விரிப்பின் மூலையை அவள் சரியாக மடிக்கவில்லை என்பதற்காக. இரண்டாவது பெண் போனும் கையுமாக இருந்தாள், அதில் எனக்கு வருத்தமில்லை. மூன்றாவதாக அரியமங்கலத்திலிருந்து ஒருத்தி வந்தாளே, அவளே நின்றுவிட்டாள் என்று உன்னிடம் சொன்னேன். பொய். நான்தான் நிறுத்தினேன். அவள் வேலையில் ஒரு குறையும் கிடையாது. அப்பா என் கையால் நாலு ஸ்பூன் சாப்பிட்டால் அவள் கையால் கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டார். அவள் ஏதோ கேலியாகச் சொல்ல, சிரிக்கவும் சிரித்தார். என்னைப் பார்த்து அவர் சிரித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அடுத்த நாள் காலையில், “இனிமே நானே பாத்துக்கறேன்மா, நீ வேற இடம் பாத்துக்க” என்று சொல்லிவிட்டேன். “சரிங்க சிஸ்டர். அய்யாவ பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

அப்பாவையே கேட்டுவிடலாம் என்று புதன்கிழமை தோன்றியது. உனக்குத்தான் தெரியுமே, அவருக்கு மிச்சம் இருப்பது ‘சரி’ என்ற ஒரே ஒரு வார்த்தை. தண்ணீர் வேண்டுமா என்றாலும் சரி, வேண்டாமா என்றாலும் சரி. வலிக்கிறதா என்றாலும் அதேதான். குரலை வைத்து, கண்ணை வைத்து ஊகித்துக்கொள்வேன். பாதி நாள் ஊகம் தப்பாகப் போகும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “தம்பிய வரச் சொல்லட்டுமா?” என்றேன். “சரி” என்றார். கொஞ்ச நேரம் விட்டு, “அங்கயே இருக்கட்டும்னு சொல்லட்டுமா? புதுசா ஒரு வண்டி முதல் தடவையா ஆளோட வரப்போகுதாம், அதுக்கு இவன்தான் தலைமையாம்” என்றேன். “சரி” என்றார். இரண்டாவது சரி கொஞ்சம் நீளமாக இருந்தது போலத் தோன்றியது. பெருமையா, வருத்தமா? மறுபடி கேட்டுப் பார்த்தேன், இந்தத் தடவை முதலாவது நீளமாக இருந்தது. முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியும் எனக்கு இந்த மனிதரின் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பிடிபடவில்லை.

அந்தப் புது வண்டியைப் பற்றிப் பேசும்போது நீ சொன்ன இன்னொன்றும் என்னைக் குழப்புகிறது. மேலே ஒரு குழு கிளம்ப வேண்டுமென்றால் அடுத்த குழு வந்து, சில நாள் கூடவே இருந்து, எது எங்கே, எது மக்கர் பண்ணுகிறது என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் கிளம்புவார்கள், அந்த இடத்தைச் சும்மா விட மாட்டார்கள் என்றாய். நாங்களும் அப்படித்தான். அடுத்த ஷிப்ட் நர்ஸ் வந்து, ஒவ்வொரு படுக்கையாகக் கூடவே நடந்து, சார்ஜ் எடுத்துக்கொண்டால்தான் நான் வீட்டுக்கு வர முடியும். பஸ் போனாலும் சரி, பிள்ளை ஸ்கூல் வாசலில் நின்றாலும் சரி. நீ எத்தனை நாள் அப்படி நின்றிருக்கிறாய். அதனால்தான், நீ வந்துவிட்டால் உன் இடத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். “எனக்குப் பதிலா உக்கார பத்து பேர் இருக்காங்கம்மா” என்று சாதாரணமாகச் சொன்னாய். அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வர வேண்டும். கோபம்தான் வந்தது. என் பிள்ளைக்குப் பதிலாகப் பத்துப் பேரா என்று. பிறகு பயமும் வந்தது, அந்த நாற்காலியை ஒரு தடவை விட்டால் அது மறுபடி உனக்குக் கிடைக்காது என்று. நீ இங்கே வந்தால் ஏதாவது காலேஜில் பாடம் எடுப்பதாகச் சொல்கிறாய். எடுப்பாய்தான். முதல் வருஷம் சிரித்த முகமாக எடுப்பாய். அதற்குப் பிறகு ஒரு நாள், அந்த வெளிச்சம் மாடிக்கு மேலே போவதைப் பார்த்துவிட்டு நீ இறங்கி வரும்போது உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

ஆகவே வராதே என்றுதான் எழுத வேண்டும். நேற்று மதியம் வரை அப்படித்தான் எழுதுவதாக இருந்தேன். தாயாக இருப்பவள் அப்படித்தான் எழுதுவாள். உன் வேலையைப் பார், நான் சமாளித்துக்கொள்கிறேன், மாதா துணை இருக்கிறாள் என்று எழுதி அனுப்பியிருந்தால் படிக்கிற உனக்கும் கண் கலங்கியிருக்கும், எனக்கும் பெருமையாக இருந்திருக்கும்.

நேற்று மதியம் நடந்ததைச் சொல்கிறேன். சார்ட்டில் எழுதுவது போல, கூட்டாமல் குறைக்காமல். காலையிலிருந்து அப்பா எதுவும் சாப்பிடவில்லை. இரண்டு தடவை துணி மாற்றினேன். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறது, இன்னும் புண்ணாகவில்லை, ஆனால் ஆகும். என்னால் அவரைத் தனியாகப் புரட்டிப் படுக்க வைக்க முடியவில்லை, தோள் வலிக்கிறது, ஒரு மாதமாக வலிக்கிறது, உன்னிடம் சொல்லவில்லை. பன்னிரண்டரைக்குக் கஞ்சி ஊட்டினேன். மூன்றாவது ஸ்பூனை அவர் இடது கையால் தள்ளினார். கிண்ணம் கவிழ்ந்து, அப்போதுதான் மாற்றிய விரிப்பெல்லாம் கஞ்சியாயிற்று. நான் அவர் கையை அடித்தேன். நன்றாக இருக்கும் அந்த ஒரு கையை. சத்தம் கேட்கும்படி அடித்தேன். அவர் என்னைப் பார்த்து, “சரி” என்றார்.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என் வார்டில் ஒரு நர்ஸ் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே டியூட்டியிலிருந்து நிறுத்தியிருப்பேன், அவள் காலில் விழுந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அந்தச் ‘சரி’க்கு என்ன அர்த்தம் என்று இரவெல்லாம் யோசித்தேன். மன்னித்தாரா, பரவாயில்லை என்றாரா, இதுவும் நடக்குமென்று முன்பே தெரியும் என்றாரா? காலையில் கையைத் தடவிக்கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும்.

எனக்கு என் மேலே நம்பிக்கை போய்விட்டது, தம்பி. அதனால் எழுதுகிறேன். வா. அப்பாவுக்காக மட்டும் வா என்று சொன்னால் அது மறுபடியும் பாதி உண்மை. எனக்காக வா. எனக்கு முடியவில்லை. இந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னைப் பெறும்போதுகூட. நீ எத்தனை நாளைக்கு வர வேண்டும், வேலையை அடியோடு விட வேண்டுமா, லீவு போட்டால் போதுமா, அந்தப் புது வண்டி வந்து சேர்ந்த பிறகு வரலாமா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அதை நீ யோசித்துச் சொல். அரியமங்கலத்துப் பெண்ணுக்கு இன்று காலையில் போன் செய்தேன். வேறு வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். “பத்து நாள் டைம் குடுங்க சிஸ்டர், பாக்கறேன்” என்றாள். நான் அனுப்பிய விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் வந்தாலும் நீயும் வர வேண்டும். நீ வருவது சரிதானா என்று கேட்டால் இப்போதும் எனக்குத் தெரியாது. நீ நாற்காலியை விட்டதற்காக ஒருநாள் என்னை வெறுத்தால் அன்றைக்கு நான் என்ன செய்வேன் என்றும் தெரியாது.

இதை முடித்ததும் கீழே கொண்டுபோய் மாமியிடம் கொடுத்துவிடுவேன். என் கண் முன்னாலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என்னிடமே இருந்தால் அனுப்ப மாட்டேன். அனுப்பிய பிறகும் நான் சும்மா இருக்கப் போவதில்லை. நாளைக்கே உனக்குப் போன் செய்து, அப்பாவுக்கு இப்போது பரவாயில்லை, நான் ஏதோ அசதியில் எழுதிவிட்டேன், நீ அவசரப்பட்டு எதுவும் செய்யாதே என்பேன். நல்ல குரலில், சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். நம்பாதே.

அம்மா